அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச இல்லை

ஏன் வேலை மாறுகிறாய் என்று கேட்டால் சொல்ல, சுதர்சினி மூன்று பொய்யை ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனாள். சம்பளம் காணாது, வீட்டுக்குத் தூரம், முன்னேற்றம் இல்லை. கொட்டாஞ்சேனையில் வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வரப்போகிறவள் தூரம் என்றால் எந்த மடையன் நம்புவான்? பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. மிச்சம் இரண்டு.

உண்மைக் காரணம் மயிலம்மா. செத்துப்போன மயிலம்மா.

நாலு வருசமாகச் சுதர்சினி ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் இருக்கிறாள். ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். வாங்குகிற சனத்தில் பாதிக்கு வாசிக்கத் தெரியாது. கவரை வாங்கின கையோடு திருப்பி நீட்டி, "என்னண்டு பாத்துச் சொல்லுங்கோ மகள்" என்று நிற்பார்கள். சொல்லக்கூடாது, டொக்டரிடம் காட்டச் சொல்லவேண்டும் என்பது சட்டம். டொக்டரிடம் போனால் இன்னொரு நாள் கூலி போகும் என்று முகத்தில் எழுதி வைத்திருக்கிற மனிசரிடம் சட்டம் கதைக்க யாருக்கு மனம் வரும்? கவுண்டரில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துச் சொல்லும். இவளும் சொன்னாள்.

மயிலம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பிளாட் வீடுகளில் கூட்டித் துடைத்துப் பிழைத்தவள். "ஒண்ணும் இல்லியே பாப்பா?" என்று கேட்டாள். பின்னால் இருபது பேர் வரிசை. சுதர்சினி முதல் தாளைப் பார்த்தாள், எல்லாம் சரி. "ஒண்டுமில்லை அம்மா, சந்தோசமாப் போங்கோ" என்றாள். மயிலம்மா அவள் தாடையைத் தொட்டு, அந்த விரலைத் தன் வாயில் ஒற்றிக் கொஞ்சிவிட்டுப் போனாள். இரண்டாம் தாளை இவள் பார்க்கவேயில்லை. ஒரு தாளைப் புரட்ட எவ்வளவு நேரம் போகும், சொல்லுங்கோ பாப்பம்!

ஏழு மாதம் கழித்து மயிலம்மாவின் மகள் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஒண்ணும் இல்லைனு சொன்ன பாப்பா யாருங்க? அப்பவே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அம்மா கடைசி வரைக்கும் அத நம்பல. அந்தப் பாப்பா பொய் சொல்லாதுனே சொல்லிக்கிட்டு இருந்திச்சு."

சுதர்சினி முன்னால் கிடந்த கவர்களை அடுக்கத் தொடங்கினாள். "அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச இல்லை. வேலையை விட்டுட்டுப் போயிட்டா" என்றாள்.

அன்றிலிருந்து கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு பக்கென்றது. அந்த மகள் திரும்பி வந்தால்? பெயர் கேட்டால்? யார் கவர் நீட்டினாலும் காதுக்குள் "ஒண்ணும் இல்லியே பாப்பா?" குளிக்கப் போனாலும் அதுதான், சோற்றில் கை வைத்தாலும் அதுதான். செத்தவளைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. சொன்ன பொய்யையாவது உண்மையாக்கித் தொலைப்போம் என்றுதான் வெள்ளவத்தையில் இந்தக் கல்யாணச் சாறிக் கடைக்கு விண்ணப்பம் போட்டாள். சாறி எடுக்க வருகிற சனம் நல்ல காரியத்துக்குத்தானே வரும்.

கடைக்காரி ஜவாஹிறா பெரிய கதிரையில் இருந்தபடி சேர்ட்டிபிக்கட்டுகளைப் பார்த்து முடித்தாள். "ஏன் மகள் அந்த வேலய விடுறீங்க? உள்ளதச் செல்லுங்க."

"முன்னேற்றம் இல்லை மிஸ். நாலு வருசமா ஒரே கதிரை."

"இஞ்ச மட்டும் நான் சிம்மாசனமா தரப் போறேன்?" ஜவாஹிறா வாய்விட்டுச் சிரித்தாள். "பரவாயில்ல, பொறுப்பான புள்ள மாதிரித் தெரியுது. ஒண்டாந் தேதியிலேந்து வாங்க."

சுதர்சினிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. எழும்பினாள்.

"கொஞ்சம் நில்லுங்க." ஜவாஹிறா மேசை லாச்சியைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். "எங்கட வீட்டுக்காரர் ஸாலிஹ்ட ரிப்போர்ட். பின்னேரம் டொக்டர்ட்டக் காட்டோணும், அதுவரைக்கும் எனக்கு இரிப்புக் கொள்ளுதில்ல. இங்கிலீஷ் வாசிப்பேன், இந்த நம்பரெல்லாம் வெளங்குதில்ல. நீங்க லேப்ல ஈந்த புள்ளதானே, ஒருக்காப் பாத்துச் செல்லுங்க."

மூன்று தாள். சுதர்சினி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். முன்னால், பின்னால், திரும்பவும் முதலிலிருந்து. சீனி சரி, கொழுப்புச் சரி, ஈரல் சரி. மனிசன் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார். ஒரே சொல், சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான்.

வாயைத் திறந்தாள். ஒண்டுமில்லை என்ற சொல் வரவில்லை. தாடையில் மயிலம்மாவின் விரல், பக்கத்தில் நின்று தொட்டதுபோல ஈரமாகப் பட்டது.

"என்ன மகள்?" ஜவாஹிறாவின் முகம் வெளிறியது. "ஏன் பேசாம நிக்கிறீங்க? யா அல்லாஹ், அதுல என்ன ஈக்கு?" போனை எடுத்தாள். "ஸாலிஹ் ஒண்டும் தெரியாம அவர்ட கடையில நிக்கிறாரே!"

நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பொம்பிளையைச் சாகடிக்கிறேனே என்று சுதர்சினிக்குத் தன்மேல் ஆத்திரம் பொங்கியது. தாள்களை மேசையில் விரித்தாள்.

"நீங்களே பாருங்கோ மிஸ். இது இருக்கவேண்டிய அளவு, இது அவருக்கு இருக்கிற அளவு. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜவாஹிறா நெஞ்சில் கையை வைத்தாள். "இதச் செல்லவா புள்ள இவ்வளவு நேரம்? என்ட உயிரே போய் வந்திட்டுது!"

சுதர்சினி திரும்பக் கதிரையில் இருந்தாள். "மிஸ், நீங்க முதல் கேட்டதுக்கு நான் பொய் சொன்னனான். ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லி நம்பிப் போன ஒரு மனிசி செத்துப்போயிட்டா. இரண்டாம் தாளை நான் பாக்கேல்லை. அதுதான் வேலையை விடுறன்."

ஜவாஹிறா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு மேசையில் கிடந்த மூன்று தாளையும் மெல்லத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் விரலை வைத்து, தானே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.