முகம் காட்டாமல்

சுமந்தின் முஷ்டி அந்த மனிதரின் வாயில் விழுந்தபோது, உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கொல்லைக் கதவுக்கும் கிணற்றடிக்கும் நடுவில் அது நடந்தது. முதல் அடியிலேயே உதடு கிழிந்தது. இரண்டாவது அடி தாடையில் பட்டு, அவர் கிணற்றுச் சுவரில் போய்ச் சாய்ந்தார். தடுப்பதற்குக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. சுமந்த் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்து விழுந்தன.

"எதுக்குடா வந்தே? நெஜமாவே செத்துட்டாரான்னு பாக்கவா?"

அந்த முகத்தை அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கொஞ்ச நாளாக எல்லாச் சேனலிலும் அது அப்பாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் லிங்கராஜ்.

நடந்த குற்றங்களை நடித்துக் காட்டும் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார் சுமந்தின் அப்பா சேஷன். லிங்கராஜின் மனைவி கடலில் மூழ்கி இறந்ததை, கணவனே கழுத்தை நெரித்துத் தள்ளியதாக எழுதினார். அப்படி எழுதச் சொன்னது சேனல். எழுதிய கை அப்பாவுடையது. ஒளிபரப்பான மறுநாளே நாலு பேர் சேர்ந்து லிங்கராஜைக் கம்பியால் அடித்தார்கள். இடது கண் போயிற்று. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பிறகுதான் விசாரணையில் தெரிந்தது. சேனல் பழியை முழுக்க எழுத்தாளர் தலையில் போட்டுவிட்டு, அவர் முகத்தை ராப்பகலாக ஓட்டியது. லிங்கராஜை அடித்த நாலு பேரில் ஒருவனான ரதீஷ் ஜாமீனில் வந்திருந்தான். அவன் அதையும் பார்த்தான். மறுபடி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்து, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த சேஷனின் மண்டையில் அடித்தான். இன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றது.

"கையை எடு, சுமந்த்."

அம்மா அனந்தலக்ஷ்மி கொல்லைப்படியில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு அப்பா இவரைப் பாக்கத்தான் கெளம்பினார். விழிஞ்ஞம் பஸ்ஸுக்குத்தான் நின்னுண்டிருந்தார். கால்ல விழணும்னார்."

சுமந்த் பெங்களூரிலிருந்து வந்தவன். இது அவனுக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லிங்கராஜ் வாயைக் கொப்பளித்தார். சிவப்பாக வந்தது. மறுபடி கொப்பளித்துவிட்டு, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார்.

"சண்டைக்கு வரல்லம்மா," என்றார். "கண்டுட்டுப் போவலாம்னுதான் வந்தேன். முன்னால அந்த ஆளுக நிக்கானுவ. அதான் பொறவழியா வந்தேன்."

முன்வாசலில் கேமராக்கள் காலையிலிருந்தே நின்றன. ஸ்ரீவராகத்தின் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. ஆனாலும் அடுத்த வீட்டு மாமி பின்சுவரின் மேலாக ஒரு பிளாஸ்க் காபியைக் கொடுத்துவிட்டு, "அழுது தீத்துடு, லக்ஷ்மி" என்று சொல்லிப் போயிருந்தாள். பகவான் அன்று அனுப்பியதெல்லாம் பின்வழியாகவே வந்தது.

கூடத்தில் காரியம் செய்துவைக்க வந்திருந்த சாம்பசிவ வாத்தியார் அவசரப்படுத்தினார். ஆம்புலன்ஸ் தெருக்கோடியில் நிற்கிறது, கூட்டத்தின் நடுவே தூக்கிக்கொண்டு நடந்துதான் போகவேண்டும் என்றார். முகத்தை மூடி எடுத்துப் போனால் என்ன என்று அம்மா கேட்டாள். மூடினாலும் அவர்கள் விடுவார்களா என்றார் வாத்தியார். போஸ்ட்மார்ட்டம் முடிந்து எடுத்து வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் போர்வை நுனியைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தான். சுமந்த் அவன் நெஞ்சில் உதைத்தான். அவன் விழுந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்பாவின் தலையைச் சுற்றிக் கட்டு. அதற்குக் கீழே தையல் போட்ட நெற்றியும் வீங்கிக் கறுத்த கன்னமும்.

"இந்த மொகத்தை இனிமே ஒருத்தரும் டிவியில பாக்கப்படாது," என்றாள் அம்மா. "பத்மநாபா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

லிங்கராஜ் கொல்லைப்படியருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்க பெண்டாட்டியக் கரையில எடுத்துப் போட்டப்போ, அவ மொகத்த அப்பிடியே காட்டினானுவ," என்றார். "பிள்ள பாத்துட்டா. இப்பவும் ராத்திரி எந்திச்சு அழுது கரையுவா."

கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நான் முன்வழியா போறேன். என்னக் கண்டா எல்லாவனும் எனக்க பொறத்தால வருவான். நீங்க சட்டுன்னு எடுங்க."

சுமந்த் அந்த உதட்டைப் பார்த்தான். ரத்தம் இன்னும் நிற்கவில்லை. அதோடு போனால் கேமரா முன்னால் முதலில் என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. அடித்தவன் பேர் ஒன்று போதும். இன்று ராத்திரி டிவியில் ஓடப்போவது சுமந்தின் முகம். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ரதீஷ் எங்கோ ஒரு கம்பியைத் தேடுவான்.

"வேண்டாம்," என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

லிங்கராஜ் பொத்தானில்லாத சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். சேஷனின் கால்மாட்டில் நின்றார். நல்ல கண் பக்கமாகத் தலையைத் திருப்பி, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். கும்பிடவில்லை. பிறகு முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

வெளியே யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூவ, காலடிகள் கோயில் பக்கமாகத் திமுதிமுவென்று ஓடின. ஒரு கேமராவின் முக்காலி சரிந்து விழுந்தது. எடுக்க ஆளில்லை.

"தூக்குங்கோ," என்றார் வாத்தியார்.

சித்தப்பாவின் மூன்று பிள்ளைகளும் ஆம்புலன்ஸ் டிரைவரும் தூக்கினார்கள். சுமந்த் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். அம்மா நிலைப்படியோடு நின்றுவிட்டாள். மூடாத முகத்தோடு அப்பா தெருவைக் கடந்தார். ஒரு கேமராவும் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் கதவருகே நின்றபோது, பக்கத்துச் சந்தில் லிங்கராஜைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தின் பேச்சு நன்றாகக் கேட்டது. ஒரு பெண் குரல் மலையாளத்தில் கத்திக் கேட்டது: உதட்டில் என்ன ரத்தம், உள்ளே அடித்தார்களா, அடித்தது மகனா?

"ஆரும் அடிக்கல்ல," என்றார் லிங்கராஜ். "கொல்லப்படி தட்டி விழுந்தேன்."

மறுபடி கேட்டார்கள். பொத்தான் எப்படிப் போயிற்று என்று இன்னொருவன் கேட்டான்.

"விழுந்ததுதான். இந்தக் கண்ணு தெரியாதுல்லா."

டிரைவர் கதவைச் சாத்தினார்.

தைக்காட்டு மயானத்தில் வாத்தியார் ஒற்றைத் தர்ப்பைப் புல்லைப் பவித்திர மோதிரமாக முடிந்து நீட்டினார். சுமந்தின் மோதிர விரலில் அது கணு வரைக்கும்தான் போயிற்று. அதற்கு மேல் விரல் வீங்கிப் போயிருந்தது. வாத்தியார் விரலைப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, தர்ப்பைக் கட்டிலிருந்து வேறொரு புல்லை உருவி, கொஞ்சம் பெரிதாக முடிய ஆரம்பித்தார். சுமந்த் கையை நீட்டியபடியே நின்றான்.