மேலே பார்த்தால் ஆமா

பெட்டி வாயைத் திறந்து முதன்முதலில் சொன்னது, "அந்த ரேடியோவ நிறுத்து."

அறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குப் பதிலாகப் பேசும் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெண் அழுதேவிட்டாள். நான்தான் எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தினமும் காலையில் "பாட்டு போடட்டுமாங்க?" என்று கேட்பேன். அவர் கண் மேலே போகும். மேலே போனால் ஆமா, கீழே போனால் இல்லை. இத்தனை வருஷமும் ஆமா சொன்ன மனுஷருக்குப் பாட்டே பிடிக்கவில்லையா, இல்லை இன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லையா? கேட்டுவிடலாம் என்றால் பெட்டியைச் சுற்றி அவ்வளவு கூட்டம். எல்லோர் கையிலும் போன். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் சிரித்து வைத்தேன்.

அவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். ஒரு மத்தியானம் கையில் ஸ்பானரோடு அப்படியே சரிந்தார். மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைப்பு. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, காது கேட்கிறது, புத்தி வேலை செய்கிறது, வெளியே வரும் வழிதான் மூடிப்போயிற்று என்றார்கள். கண் மட்டும் அசைந்தது. அதுவும் ஒழுங்காக அசையாது, அது பாட்டுக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும். பார்வையைப் பிடித்து எழுத்தாக்கும் கேமரா ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கே தலை சுற்றியது போல எடுத்துக்கொண்டு போனார்கள். சூட்சுமம் எனக்குத்தான் தெரியும். கண் மேலே போக வேண்டும், இமை பாதி இறங்க வேண்டும், ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்க வேண்டும். நின்றால்தான் ஆமா. இல்லாவிட்டால் அது வெறும் துள்ளல். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு இதைத்தான் படித்தேன். வேறு எந்தப் படிப்பையும் நான் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

அவருடைய அக்கா, என் நாத்தனார், எப்போதாவது எட்டிப் பார்ப்பார். நான் தம்பியின் கண்ணைப் படித்துச் சொன்னால் உதட்டைச் சுழிப்பார். "இத அவன் சொல்றானா, நீயா சொல்றியா?"

ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பெரிய டாக்டர் வந்து சொன்னபோது நான் ஒற்றைக்காலில் நின்றேன். மண்டை ஓட்டைத் திறந்து, மூளையின் மேல் தபால்தலை அளவுக்கு ஒரு தகடு வைப்பார்களாம். பேச வேண்டும் என்று நினைத்ததும் மூளை வாய்க்கு உத்தரவு போடுகிறதல்லவா, அந்த உத்தரவை வழியிலேயே பிடித்துக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று வார்த்தையாக்கிப் பேசிவிடுமாம். சம்மதமா என்று அவரிடம் கேட்டார்கள். கண் மேலே போய் நின்றது. "சம்மதம்னு சொல்றாரு," என்று நான்தான் சொன்னேன்.

குரலையும் அவருடையதாகவே செய்து தருகிறோம், பழைய ரெக்கார்டிங் ஏதாவது வேண்டும் என்றாள் இன்ஜினியர் பெண். என் போனைக் குடைந்து பார்த்தேன். எனக்கு அவர் ஒரு குரல் செய்தியும் அனுப்பியதில்லை. மிஸ்டு கால் கொடுப்பார், நான் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். கடைசியில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் கிடைத்தது. ஒன்று விடாமல் எல்லாம் திட்டு. "எங்கடா போய்த் தொலைஞ்ச", "அந்த வண்டிய யாருடா தொடச் சொன்னா" என்று. அதை வைத்துத்தான் குரல் செய்தார்கள். அதனால் பெட்டி நன்றி சொன்னாலும் யாரையோ அதட்டுகிற மாதிரியே இருக்கும்.

பேச்சு வந்த பிறகு வீடே மாறிவிட்டது. மெக்கானிக் வந்தால் வண்டிக் கதை. இன்ஜினியர் பெண் வந்தால் கிண்டல். "ஒயர மாத்தி சொருகிடாத, அப்புறம் நான் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பேசுவேன்" என்று அவர் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னிடம் மட்டும், "தலகாணிய ஏத்து." "ஃபேன கொற." "கால் மரத்துப் போச்சு, திருப்பு." திருப்பினேன். வாய் திறந்த மனுஷன் எனக்கென்று ஒரு வார்த்தை வைத்திருப்பார், கூட்டம் கலைந்ததும் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் மண்டையைத் திறக்கவே விட்டேன்.

நாத்தனார் வந்த அன்று நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"தம்பி, இவ உன்ன நல்லா பாத்துக்கறாளா?"

"பாத்துக்கறா. ஆனா என்னைப் பேச விடல. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. அவ சொன்னதுல பாதி நான் சொன்னதே இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் நாத்தனார்.

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடப்பாவி மனுஷா, பீ மூத்திரம் அள்ளிய கைக்கு இதுதானா மரியாதை? அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பொய்யா சொன்னேன்? பார்க்க வந்தவர்களிடம், "உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷமாம்" என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். ஆமா, இல்லை என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எப்படி நடத்துவது? ஆனால் துடைத்துவிட்டுப் போர்த்தும்போது "நான் பக்கத்துல இருக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கண் மேலே போய் நின்றிருக்கிறது. நான் நிற்க வைக்கவில்லை, அதுவாகத்தான் நின்றது. பாதி அவர் சொன்னதில்லை என்றால், எந்தப் பாதி?

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே கேட்டேன். "நான் சொன்னதுல பாதி நீங்க சொன்னதில்லையாமே. எந்தப் பாதிங்க?"

பெட்டியின் திரையில் "நீ" என்று வந்தது. அதற்கப்புறம், "நீ கதவு தண்ணி நாளைக்கு."

"என்னங்க?"

"நீ செயின் இல்ல நீ ஆணி." அதட்டுகிற குரலில் பெட்டி அதையும் வாசித்தது. அவர் கண் சிவந்து துள்ளியது. திரும்பத் திரும்ப முயன்றார். ஒவ்வொரு தடவையும் "நீ" மட்டும் சரியாக வந்தது. பின்னால் வந்ததெல்லாம் குப்பை.

தகட்டைச் சுற்றித் தழும்பு வளர்ந்துவிட்டது என்றாள் இன்ஜினியர் பெண். அன்னியப் பொருள் என்று உடம்பே அதைப் போர்த்திவிட்டதாம். அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்களாம். பாலாடை மாதிரி மெல்லிய புதுத் தகடு, மூளையோடு சேர்ந்து அசையும், தழும்பு பிடிக்காது. ஆனால் மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "நல்லா நடந்தா பேச்சு திரும்ப வரும். தப்பாச்சுன்னா, கண்ணு அசையறதும் போயிடலாம்மா. அவரே யோசிச்சு முடிவு சொல்லணும்."

முடிவைக் கேட்க ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் கூடினோம். சாட்சிக்கு, ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி சொல்வதை ஏற்க முடியாது, வழக்கமாக அவரோடு பேசுகிறவர் படித்துச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்றார் வக்கீலம்மா.

"இவளையா கேக்கப் போறீங்க?" நாத்தனார் எழுந்தே விட்டார். "என் தம்பி கண்ணு எனக்குத் தெரியாதா? நானே பாக்கறேன்." குனிந்து, "ஆபரேசன் வேணுமாடா?" என்றார். கண் மேலே, கீழே, ஓரமாக என்று துள்ளியது. முகத்தை முகத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கெஞ்சல் இருந்தது.

"ஒண்ணும் புரியலையே. நீயே பாரும்மா."

நான் கட்டில் பக்கம் போனேன். பெரிய டாக்டர் கேள்வியை நிதானமாக, முழுசாகக் கேட்டார். பேச்சு திரும்ப வரலாம், கண்ணும் போகலாம், இரண்டையும் சொன்னார்.

கண் மேலே போனது. இமை பாதி இறங்கியது. ஒரு மூச்சு நேரம் நின்றது. அதற்கு மேலும் நின்றது.

மேசை மேல் யாரும் அணைக்காமல் விட்டிருந்த பெட்டி, ஒர்க்‌ஷாப் குரலில் "நீ" என்றது. எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா சொல்றார்?" என்றார் வக்கீலம்மா, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

என் வீட்டுக்காரரின் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது. வழக்கமாக நான் உடனே துடைப்பேன். அவர் கண்ணை இறக்கவே இல்லை. நான் வாயைத் திறக்கிறவரைக்கும் இறக்கமாட்டேன் என்பதுபோல, மேலேயே வைத்திருந்தார்.