நான்கு அங்குலம் சாய்ந்த கிணறு

என் கோபத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. தையல்காரிக்கு அதுதானே தொழில் என்று கேலியும் செய்வார்கள். அந்தக் கோபம்தான் எங்கள் வீட்டை இடிபடும் நிலைமைக்குக் கொண்டுவந்தது. ஆகவே என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

வாசல்நிலையில் செதுக்கியிருக்கும் ஆண்டை வைத்துப் பார்த்தால் வீட்டுக்கு வயது இருநூற்றுப் பதினொன்று. அரசாங்கத்தின் பழங்கட்டடப் பட்டியலில் அது ஏழாம் எண். பட்டியலில் உள்ள வீட்டை யாரும் தொட முடியாது. விழப்போகிறது என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தால் மட்டும் இடிக்கலாம். தெருவில் மற்ற எல்லா வீட்டையும் வாங்கி முடித்த கட்டட முதலாளி அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஏழுமாடி. மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் ஏழாவது மாடியில் போய்த்தான் நிற்பார்.

பொறியாளர் சோதனைக்கு வந்த அன்று ஏழுமாடியின் காரிலிருந்து இறங்கினார். பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு காருல வந்தீங்களோ அவரு வீட்டப் போய் அளங்க சார்" என்று சொல்லிக் கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன்.

மனிதர் சண்டை போடவில்லை. வெளிச்சுவரில் நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார், எழுதினார், போய்விட்டார். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. "முன்சுவர் உள்நோக்கி நான்கு அங்குலம் சாய்ந்துள்ளது. எந்நேரமும் விழலாம்." வியாழக்கிழமை விசாரணை. அறிக்கையை ஏற்றுக்கொண்டால் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.

வீட்டில் பாதிக்கு உரிமையுள்ள என் தம்பி, சாயங்காலம் வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விடுக்கா. ஏழுமாடி தான் கட்டப்போற கட்டடத்துல, மூணாவது மாடியில உனக்கு ஒரு வீடு தர்றேங்கறாரு. லிஃப்ட் எல்லாம் உண்டு."

"இங்க வாசல்லேர்ந்து மிஷினுக்கு நாலு எட்டு. அதுக்கு எதுக்குடா லிஃப்ட்?"

"நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு."

"எத்தன காலோ, முயல் என் கையிலதான இருக்கு. போடா."

இந்த வீடு ஒன்றும் சொர்க்கம் இல்லை. மழை பெய்தால் வாளியைத் தேடி ஓட வேண்டும். ஆனால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வீடு போதும் என்று நான் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது, அம்மா "ஏன் வந்தே?" என்றாள். தம்பி "எப்போ போறே?" என்றான். ஒன்றுமே கேட்காமல் எனக்கு இடம் கொடுத்தது இந்த முன்னறைதான். இங்கே மிஷின் போட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். அதைப் பொய் சொல்லி இடிப்பார்கள், நான் லிஃப்டில் ஏறிப் போக வேண்டுமா?

மறுநாள் காலை ஒரு வாடிக்கைக்காரம்மா பாவாடை போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றார். விளிம்பில் ஊசி குத்தக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கண்ணாடி முன்சுவரில், மேலே ஒரே ஆணியில் தொங்குகிறது. சுவர் உள்ளே சாய்ந்திருந்தால் கண்ணாடியின் கீழ்விளிம்பு சுவரை விட்டு விலகி நிற்க வேண்டும், ஒரு விரலாவது நுழைய வேண்டும். பில் தாளைச் செருகிப் பார்த்தேன். தாள்கூட நுழையவில்லை.

அந்தம்மாவைப் பாதி ஊசியோடு நிற்க வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழ் ஜன்னலில் சுவரின் கனம் இருபத்தாறு அங்குலம். மாடி ஜன்னலில் இருபத்திரண்டு. சுவர் சாயவே இல்லை! உள்பக்கத்தை நேராக எழுப்பி, வெளிப்பக்கத்தை மட்டும் மேலே போகப்போக ஒடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேல்துணியை மட்டும் அளந்துவிட்டு ஆளே கோணல் என்று எழுதியிருக்கிறார் பொறியாளர். உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்தியவள் நான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அப்படியானால் உள்ளே அளந்ததாக என்ன எழுதினார்? அறிக்கையை மறுபடி விரித்தேன். முன்சுவர், வெளிப்பக்கம்: நான்கு அங்குலம் சாய்வு. அதற்குக் கீழே உள்பக்கம்: மேற்படி. முன்னறை: மேற்படி. மாடி: மேற்படி. பார்க்காத இடத்துக்கெல்லாம் மேலே உள்ளதே இங்கும் என்று ஒரே வார்த்தையில் பதினொரு வரியை நிரப்பியிருந்தார். கடைசி வரியைப் படித்ததும் நான் சிரித்த சிரிப்பில், ஊசியோடு நின்ற அந்தம்மா பயந்துவிட்டார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில், சிரிப்பே அறியாத முகத்தோடு ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பொறியாளர் அறிக்கையைப் படித்தார். ஏழுமாடி தலையாட்டினார். ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். சார் கடைசி வரியப் படிக்காம விட்டுட்டாரு."

பொறியாளர் தாளைத் திருப்பினார். "கிணறு" என்றார். அப்படியே தாளை மடிக்கப் போனார்.

"படிங்க சார். கிணறு, மேற்படி. எங்க கிணறும் உள்பக்கமா நாலு அங்குலம் சாஞ்சிருக்கு, எந்நேரமும் விழலாம். எங்க விழும்? கிணத்துக்குள்ளயேவா?"

பின் வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"நீங்க வீட்டுக்குள்ள போனீங்களா, இல்லையா?"

"இந்தம்மா கதவைத் தொறக்கல மேடம்."

"அது உண்மைதான். தப்பு என்னுது. அதுக்காகப் பாக்காதத எழுதலாமா?"

"ஆபீஸ்ல வழக்கமா அப்படித்தான் மேடம்..." என்று இழுத்தார் பொறியாளர்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு எழுந்தார். "வாங்க, போய்ப் பாத்துருவோம்."

நானே முன்னால் போய்க் கதவை விரியத் திறந்தேன். முன்னறையில் ஏணி போட்டேன். நான் குள்ளம், கை எட்டவில்லை. கூட வந்திருந்த தம்பி யாரும் சொல்லாமலே ஏறி, சுவர் உச்சியில் ஒரு குச்சியைச் செருகி நூலைக் கட்டினான். நூலின் நுனியில் என் கத்தரிக்கோல். அது ஆடி ஆடி ஓய்ந்தது. மேலே நூலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலம். கீழேயும் இரண்டு. மாடியிலும் அப்படியே. ஜன்னல்களில் அதிகாரி தம் கையாலேயே நாடாவைப் பிடித்து அளந்தார்.

"புதுப் படிவத்துல எழுதுங்க" என்றார் பொறியாளரிடம்.

என் வெட்டுமேசையில் குனிந்து எழுதினார். முன்சுவர், உள்பக்கம்: நேராக உள்ளது. அடுத்த வரிக்கு வந்ததும் பழக்கதோஷம், 'மே' என்று பேனா ஆரம்பித்துவிட்டது. நான் தாள் மேல் விரலை வைத்தேன்.

"அந்த வார்த்த வேணாம் சார். ஒவ்வொண்ணா போய்ப் பாத்து, முழுசா எழுதுங்க."

எழுதினார். பதினொரு தடவை, பதினொரு இடத்தில் நின்று. கிணற்றையும் எட்டிப் பார்க்க வைத்தேன்.

ஏழுமாடிக்கு முகம் செத்துவிட்டது. வாசலில் நின்று என்னை முறைத்தார்.

"இதோட முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்காதம்மா. வேற ஆளக் கூட்டிட்டு வருவேன்."

"யார வேணாலும் கூட்டிட்டு வாங்க. இனிமே இந்தக் கதவ நான் சாத்த மாட்டேன்."