பெயரில்லாப் பூவும் ஒரு முழம் மல்லிகையும்

ஒரு முழம் மல்லிகையின் விலை நானூற்றைம்பது உரூபாய். அது பொன்னம்மாவின் கூந்தலுக்கென எடுத்துவைத்த முழம் என்றறிந்தால், கற்றறிந்தோரே, அதற்கு விலையே இல்லை என்பீர்கள். ஆயினும் அது விலைபோயிற்று. விற்றவன் அவள் கணவன்.

வேனில் முதிர்ந்து, காடு கருகி, கடற்காற்றும் அனலாய் மூச்செறியும் கடைநாளில், அந்தமானின் வடகோடியில், திக்லிபூருக்கு மேற்கே, நீர் வற்றிய ஆற்றின் பாறைப் பிளவெங்கும், யாரும் பெயரிடாத ஊதாப் பூக்கள், மாண்ட ஆற்றின்மேல் போர்த்திய கோடித்துணிபோல் மலர்ந்து கிடந்தன. முப்பது ஆண்டுகளாய் வேனில்தோறும் பொன்னம்மா சூடியவை அவையே. சென்னையிலிருந்து வானூர்தியேறி, பாராடாங்கின் நீர்வழி கடந்து, வாடாமல் வந்துசேரும் மல்லிகையை, பூவணிகன் ஈசுவரன் தன் வீட்டுப் படி ஏறவிட்டதில்லை; பெயரில்லாப் பூவுக்கு விலையில்லை என்பதில் அவனுக்குப் பெருமகிழ்ச்சி.

மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறிக் கிடந்தவள், "ஒருக்கா மல்லி வச்சுப் பாக்கணுங்க" என்றாள். வாழ்நாளில் அவள் கேட்டது அது ஒன்றே. அன்று மாலையே ஒரு முழத்தை ஈர இலையில் பொதிந்து வைத்தவன், விடியலில் அதை எடுத்துப் புறப்படுகையில், அன்று ஊரில் நடக்கவிருந்த திருமணத்தின் மணமகளுக்குத் தமையனான விஜயன் வழிமறித்தான்.

"அண்ணே, பொண்ணு தலைக்கு ஒரு முழம் குறையுது. இலையில என்ன?"

"விக்கிறதில்ல தம்பி. வீட்டுக்காரிக்கு வச்சது."

"அரே பாயி, முந்நூறு!"

"சொன்னேன்ல."

"அண்ணிக்கு நாளைக்கு வைக்கலாம்ணே. முகூர்த்தம் நாளைக்கு வருமா? நானூத்தி அம்பது!"

நாளைய பொதி வரத்தானே போகிறது என எண்ணியவாறே ஈசுவரனின் கை இலையோடு நீண்டது. நண்பகலில் பொன்னம்மாவின் மூச்சு அடங்கியது.

"ஊருக்கே பூ குடுத்த வீடு. அம்மா பொட்டோட போறா, பூவில்லாம" என்றாள் மகள் ரூபா, தந்தையின் முகம் பாராமல்.

ஈசுவரன் துண்டைத் தோளிலிட்டு ஆற்றுப் பிளவில் இறங்கினான். சுடுபாறையில் முழங்கால் தேயத் தேயப் பறித்தான். காம்போடு கிள்ளி, ஈரத்தழையில் பொதிந்தாலன்றி அப்பூ நில்லாது என்பதைப் பொன்னம்மா அறிந்திருந்தாள். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் துண்டை விரித்தபோது இதழெல்லாம் ஊதாத் துகளாய்ச் சிந்தின, உதிராதவை மூன்று. ரூபா அவற்றைத் தாயின் காதோரம் செருகினாள். பாடை தெருமுனை திரும்புமுன் அவையும் உதிர்ந்தன.

மறுநாள் பொதி வந்தது. விற்க மனமின்றி, விட்டெறியவும் கையின்றி, ஈசுவரன் மூடிய கடைக்குள் அமர்ந்து, அந்தி சாயுமட்டும் அளந்ததையே அளந்துகொண்டிருந்தான். வந்தது நாற்பது முழம், வாடியது நாற்பது, வேண்டியிருந்தது ஒன்று. அவ்வொன்று இன்றும் நிலுவை.