வழுக்கை இளநீர்

மதுரையில் சிகிச்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று குழம்பில் தக்காளி கையால் பிசைந்து கிடந்தது. வெங்காயம் முழுசாக மிதந்தது. கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கனகலட்சுமி பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டாள். கட்டிய மனைவிக்கே என்னிடம் பயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தைக் கடித்ததால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காதில் குரல்கள் கேட்ட காலத்திலும் நான் யார் மேலும் கை வைத்ததில்லை. அந்தக் குரல்கள் என்னைத்தான் திட்டின. ஊரே உன்னைப் பற்றிப் பேசுகிறது என்றன. மாத்திரையில் குரல்கள் போய்விட்டன. இப்போது நிஜமாகவே ஊர் என்னைப் பற்றிப் பேசுகிறது.

எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் என் இளநீர் வண்டி. “அவியளுக்கு அரிவாள் வேலை வேண்டாம்ணே” என்று கனகலட்சுமி ராஜபாளையத்திலிருந்து தன் அண்ணன் சோலைச்சாமியை வரவழைத்திருந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. சீவுவது அவர், ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பது நான். அரிவாளைத் திரும்ப வாங்காவிட்டால் கடைசிவரை ஸ்ட்ராக்காரன்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காலேஜ் பஸ் ஓட்டும் முத்துக்குமரன் அன்று மத்தியானம் வந்தார். குடித்து முடித்ததும் மச்சான் காயைப் பிளந்து கொடுத்தார்.

“வழுக்கை கேட்டா முத்தலைக் குடுத்திருக்கீகளே?”

“யாருகிட்டலே பேசுத?” மச்சான் அரிவாளை ஓங்கினார். முத்துக்குமரன் வண்டியைச் சுற்றி ஓடினார். மச்சானும் விடவில்லை.

“பாண்டியண்ணே, காப்பாத்துங்க!” முத்துக்குமரன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாடு கொண்டுவந்த கனகலட்சுமி, “எங்கண்ணனுக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி தங்கம்” என்று கூடிவிட்ட கூட்டத்துக்கு விளக்கம் சொன்னாள்.

நான் கையை நீட்டினேன். “மச்சான், அதை இங்க குடுங்க. மூச்சு வாங்குது பாருங்க, செத்த நேரம் உக்காருங்க.”

ரத்தக்கொதிப்புக்காரர். கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் துரத்தியபோது நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், அரிவாள் என் கைக்கு வந்ததும் மடமடவென்று பின்வாங்கியது. கனகலட்சுமியும்தான். அது வலித்தது. குலையைத் தட்டிப் பார்த்து ஒரு காயை எடுத்துச் சீவினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“வழுக்கைதான். குடிங்க.”

தோளுக்கு மேலாக ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. இன்னொரு கை என் சட்டையை இன்னும் விடவில்லை.

“ஸ்ட்ரா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நிஜக் குரல்தான்.

ஸ்ட்ராக் கட்டு வண்டியில், நான் சீவிவிட்டு வைத்த அரிவாளுக்குப் பக்கத்தில் இருந்தது. கனகலட்சுமி மெல்ல முன்னால் வந்து, அரிவாளையே பார்த்தபடி, கையை நீட்டி ஒரு ஸ்ட்ராவை உருவினாள்.