கரடி கையை அமுக்கினாரா?

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்த மல்யுத்தக் கம்பெனியின் அலுவலகத்திலோ, அன்று காலை கூத்தாடிகளே ரெண்டுபட்டுக் கிடந்தார்கள். கம்பெனிக்கு வயது இருபத்தைந்து. விழா மலர் அச்சுக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தில் ஒரே ஒரு படம்தான். யார் படம் என்பதில் வந்தது வினை.

"இருந்த வேலையை விட்டுட்டு இதை ஆரம்பிச்சது நான்," என்றார் முதலாளி.

"யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும்னு எழுதினது நான். நான் இல்லைன்னா இது வெறும் தள்ளுமுள்ளுதான்," என்றார் கதைக்காரர்.

சாம்பியன் புயல் சிரித்தான். "டிக்கெட் வாங்கினவன் உங்க ரெண்டு பேர் மூஞ்சியைப் பார்க்கவா வந்தான்?"

அவன் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. விழாவுக்குப் புது அங்கி தைக்க அளவெடுக்க வந்தவள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அண்ணி. புயலிடம் பன்னிரண்டு வருஷம் தோற்றுக் கொடுத்த வில்லன் கரடியின் மனைவி. 'விழுறவன் ஒழுங்கா விழுந்தாத்தான் தூக்குறவன் பலசாலி' என்று கரடி சொல்வதுண்டு. புயலின் பலமெல்லாம் அப்படி விழுந்து விழுந்து அவர் கொடுத்ததுதான். கரடி இறந்து மூன்று வருஷமாகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளும் கேட்டுவிட்டாள்.

"அவர் படத்தைப் போடலாமே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வில்லன் படத்தை யாராவது முதல் பக்கத்துல போடுவாங்களாம்மா?" என்றார் கதைக்காரர், குழந்தையிடம் பேசுவதுபோல.

அவள் மறுபடி டேப்பைப் பார்த்தாள். புயலின் இடுப்பு போன வருஷத்தைவிட நாலு அங்குலம் கூடியிருந்தது.

மேடையில் இவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவனைத் தூக்கி அடிக்கும் முன்னால், கூட்டத்துக்குத் தெரியாமல் அவன் கையைப் பிடிக்க வேண்டும். அவன் இரண்டு முறை அமுக்கினால், நன்றாக இருக்கிறேன், தூக்கு என்று அர்த்தம். அமுக்காவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். கரடியின் கடைசி ஆட்டத்தில் புயல் அவரை ஒருமுறை தூக்கி அடித்தான். விழுந்தவரை மறுபடி தூக்கி அடித்தான். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. அன்றைக்குத்தான் கம்பெனி ஊருலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் கரடிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு நின்றது, பேச்சும் போனது.

"ரெண்டு தடவை அமுக்கினார் அண்ணி," என்று ஆஸ்பத்திரியில் புயல் அழுதான். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கணவருக்கு ஊட்டினாள், துடைத்தாள், அவரைத் திட்டினாள். "அடிபட்டது தெரிஞ்சும் ஏன் அமுக்கினீங்க? கைதட்டல்தான் பெருசாப் போச்சா? நானும் பிள்ளையும் ஞாபகத்துக்கே வரலையா?" கோபம் ஒரு நாளும் ஆறவில்லை. அவர் செத்த அன்றும் இதையேதான் கேட்டு அழுதாள்.

"சரி விடுங்க," என்றார் முதலாளி. "அந்த ரெண்டாவது அடி இருக்கே, அதுலதான் கம்பெனி எழுந்துச்சு. அது யார் யோசனையோ அவங்க படத்தைப் போடுவோம்."

"அதை எழுதினது நான்!" என்றார் கதைக்காரர்.

புயலுக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ எழுதினது ஒரு அடிதான்யா! ரெண்டாவது என் முடிவு. அண்ணன் அசையாம கிடக்கார், கூட்டம் கத்துது. கையைப் பிடிச்சுக் கேட்டுட்டு நிக்கிற நேரமா அது? யாரையும் கேக்கலை. நானாத்தான் தூக்கினேன்!"

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான், தன் இடுப்பில் இருந்த டேப் யார் கையில் இருக்கிறது என்பது அவனுக்கு நினைவு வந்தது.

"கேக்கவே இல்லையா தம்பி?"

"அண்ணி..."

"அமுக்கினார்னு சொன்னீங்களே."

முதலாளி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப? கரடி படத்தையே போட்டுடலாம். முதல் பக்கம் முழுசா. என்ன சொல்றீங்க எல்லாரும்?"

எல்லோரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவள் உட்கார்ந்தாள். டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் அமுக்கினீங்கன்னு நான் கேக்கும்போதெல்லாம், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். கண்ணுல தண்ணியா வழியும்," என்றாள். "இல்லைன்னு சொல்லியிருக்கார் தம்பி. ஆறு வருஷமா சொல்லியிருக்கார். ஒரே பக்கமா படுத்து வலிக்குது போலன்னு, நான் அவரைப் புரட்டிப் படுக்க வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்."