வெரோனிகா ஓட்டினால் நிற்கும் காடி

அந்த வெள்ளைக் காடிக்கு வெரோனிகாவின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. அவள் கணவர் செபாஸ்டியன் ஓட்டினால் ஈப்போவிலிருந்து லூமுட் வரைக்கும் ஒரு முனகல் இல்லாமல் போய்வரும். வெரோனிகா உட்கார்ந்தால் போச்சு, குனோங் ராபாட்டைத் தாண்டுவதற்குள் படக்கென்று அணைந்துவிடும். ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும், டேஷ்போர்டு இருண்டுபோகும், ரேடியோ மட்டும் வெட்கமில்லாமல் பாடிக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிறவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டான்.

"பிரேக்க மெல்ல மிதிக்கணும் வெரோ. நீ கரப்பான்பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்கிற" என்பார் செபாஸ்டியன்.

"ஒழுங்காத்தாங்க மிதிக்கிறேன்."

"அப்ப என் கையில ஏன் நிக்கல?"

இந்தக் கேள்விதான் அவளுக்கு எரிச்சலோ எரிச்சல்.

வெரோனிகா லைசென்ஸ் எடுத்ததே ஐம்பது வயதைத் தாண்டித்தான். அதுவரைக்கும் மார்க்கெட்டுக்குப் போனாலும், பூசைக்குப் போனாலும், செத்த வீட்டுக்குப் போனாலும் செபாஸ்டியன் எப்போது சட்டையை மாட்டுவார் என்று வாசலில் நின்ற காலந்தான். செகண்ட் ஹேண்டில் இந்தக் காடியை அவளுக்கென்று வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இந்த வயசில் என்ன ஆட்டம் என்பார்கள்.

காடி முதல் தடவை நின்றபோது வெரோனிகா கோயில் கடைக்குப் போய் ஒரு கிறிஸ்தோபர் பதக்கம் வாங்கி, ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி, சாவியில் மாட்டினாள். பயணம் போகிறவர்களுக்கு அவர்தானே காவல்? காடி மறுபடி நின்றது. அந்தோணியாரை மாட்டினாள். இன்னும் நின்றது. வேளாங்கண்ணி மாதா வந்தார். புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு அன்னம்மாளும் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே அந்தச் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கிரில் சாவி, கேட்டுப் பூட்டுச் சாவி, போதாததற்கு கிளென்மோர் தோட்டத்து மாதா கோயிலின் இரும்புச் சாவி. அந்தக் கொத்தை ஓங்கி அடித்தால் தேங்காய் உடையும்.

செபாஸ்டியனுக்கு ஜோப்பு புடைத்துக்கொண்டிருந்தால் பிடிக்காது. அவரிடம் இருந்தது மொட்டையாக ஒரே ஒரு மாற்றுச்சாவி.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் மெலிண்டா ஒரு நாள் போன் பண்ணினாள். "மம்மி, நம்ம காடி மாடல கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிட்டிருக்கான். இக்னிஷன் சுவிட்சு சரியில்லையாம். நெட்டுல போட்டுப் பாத்தேன், நம்ம நம்பரும் இருக்கு."

வெரோனிகாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "கேட்டீங்களா? கோளாறு காடியிலதான்! என் கால்ல இல்ல!"

"சுவிட்சு சரியில்லன்னா எனக்கும்ல நிக்கணும்?" என்றார் செபாஸ்டியன். மனுஷன் அசைந்தால்தானே.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முக்கியமாம், முக்கியம்! பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, கடைசியில் இரண்டு பேரும் நேரிலேயே போனார்கள். கவுண்டரில் யுகேந்திரன் என்ற பையன், கழுத்தில் டை, தலையில் பளபளவென்று ஜெல்.

"ரீகால் உண்மதான் ஆண்ட்டி. ஆனா பார்ட் இன்னும் வரல."

"எப்பப்பா வரும்?"

"வந்ததும் எஸ்எம்எஸ் வரும்."

"எஸ்எம்எஸ் எப்ப வரும்?"

"பார்ட் வந்ததும் ஆண்ட்டி."

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

"ஓட்டலாம். கவனமா ஓட்டுங்க."

"நட்ட நடு ரோட்டுல நிக்கிற காடிய எப்படிப்பா கவனமா ஓட்டுறது?"

அதற்கு அவன் சிரித்தான். செபாஸ்டியன் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சூப்பரா ஓடுது அங்கிள்" என்றான். அந்தச் சிரிப்பின் மேலேயே ஒன்று போடலாமா என்று வெரோனிகாவுக்குக் கை துருதுருத்தது.

அந்த வாரமே சிலிபின் போகிற வழியில், சந்திப்பில் ஒரு லோரிக்கு முன்னால் காடி நின்றுவிட்டது. லோரிக்காரன் பிரேக்கை அழுத்திய சத்தம் சந்திப்பு முழுக்கக் கேட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் செபாஸ்டியனின் முகம் வெளுத்துப்போயிற்று.

"போதும் வெரோ. காடிய வித்துடலாம். நம்ம கூட்டாளி தேவன் வாங்கிக்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கான், ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரச் சொல்றேன். உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். குரல் உடைந்து சொல்லிவிட்டாரே, என்ன செய்ய? அறைக்குள் போய் அழுதாள். மறுபடியும் வாசலில் நிற்க வேண்டும், அவர் சட்டையை மாட்டும் வரைக்கும்.

சனிக்கிழமை கிளென்மோர் கோயிலைத் திறந்து கூட்டி, மெழுகுவத்தி ஏற்ற வேண்டிய முறை அவளுடையது. ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, தோட்டத்து ஜனமெல்லாம் ஈப்போவுக்கு வந்த பிறகும் மாதா மட்டும் அங்கேயேதான் இருக்கிறார். "கடைசித் தடவயா நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். "மெல்லமா போ வெரோ" என்று அரைமனதாக விட்டார்.

மெயின் ரோட்டில் அதிசயமாய் ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் முதல் குழியில் இறங்கியதுமே காடி அணைந்தது. எடுத்தாள். அடுத்த குழியிலும் அணைந்தது. வெரோனிகாவுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. காடியை மறுபடி கிளப்பிக்கொண்டே சாவிக்கொத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"இத்தன பேரு தொங்கிக்கிட்டு இருக்கீங்க, ஒருத்தராச்சும் பாக்கக் கூடாதா?"

சொல்லி வாய் மூடவில்லை, சக்கரம் குழியில் இறங்கியது. கொத்து குதித்தது. சாவி அவள் கண்ணெதிரிலேயே டக்கென்று ஒரு படி பின்னால் திரும்பியது. காடி அணைந்தது.

"அலாமாக்!"

பிறகு காடியை எடுத்து, கொத்தை ஒரு கையால் ஏந்திப் பிடித்தபடி, அந்த ஆளரவமற்ற பாதையில் ஆமை வேகத்தில் அடுத்த குழியில் இறக்கினாள். நிற்கவில்லை. அதற்கடுத்த குழியில் கையை விட்டாள். நின்றது. வெரோனிகா வாய்விட்டுச் சிரித்தாள். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் திரும்பிப் பார்த்தான். காடிச் சாவியை மட்டும் தனியே கழற்றி எடுத்து ஓட்டினாள். கோயில் வேலையை முடித்துத் திரும்பும்போது ஒரு குழியையும் விட்டுவைக்கவில்லை, தேடித் தேடி இறங்கினாள். காடி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டுக் காடியை விற்றுவிடுவார், அவரை அவளுக்குத் தெரியாதா? ஞாயிறு சாயந்தரம் பழையபடி எல்லாவற்றையும் கோத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தேவன் வர்றதுக்குள்ள நம்ம தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. இந்தச் சாவிய போட்டு. கூட நானும் வாரேன்."

அவர்கள் குடியிருக்கும் தாமானில் தெருவுக்குத் தெரு வேகத்தடை. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் படக். செபாஸ்டியன் திகைத்தார்.

"என்னாது இது?"

"பிரேக்க மெல்ல மிதிக்கணுங்க."

முறைத்துவிட்டு எடுத்தார். அடுத்த மேட்டிலும் படக். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனத்து அங்கிள் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாவது மேட்டிலும் நின்றபோது செபாஸ்டியனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"கரப்பான்பூச்சியா?" என்றாள் வெரோனிகா.

பிறகு கொத்திலிருந்து காடிச் சாவியை மட்டும் கழற்றிப் போட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றாள். தெருவில் இருந்த அத்தனை மேட்டையும் ஏறி இறங்கி வீட்டு வாசலில் வந்து நின்றது காடி. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப சாமிங்க கனத்துலதான் நின்னுச்சா?"

"சாமி மேல பழி போடாதீங்க. நாலு புனிதரத் தாங்காத சுவிட்சு என்ன சுவிட்சு? சொத்த சுவிட்ச வச்சுக் குடுத்துட்டு எஸ்எம்எஸ் வரும்னு சொல்றான். நாளைக்குக் காலையில அந்த யுகேந்திரனுக்கு இருக்கு. பார்ட் வர்ற வரைக்கும் நான் அங்கதான் உக்காரப் போறேன்."

செபாஸ்டியன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளா உன்னத்தான வெரோ திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். இல்லை பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிடுகிற விஷயமா அது!

அந்த நேரம் பார்த்துத் தேவனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "சாவியக் குடுங்கண்ணே, ஒரு ரவுண்டு போய்ட்டு வாரேன்" என்றான்.

"காடி விக்கிறதா இல்ல தேவா."

"என்னண்ணே இப்படி? அக்காவுக்கு ஓட்ட வரல, விக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

வெரோனிகா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாரா? செபாஸ்டியன் காதைச் சொறிந்துகொண்டார்.

"அக்காவுக்கெல்லாம் நல்லா வரும். எனக்குத்தான் வரல. வேணும்னா அந்தச் சீனத்து அங்கிளக் கேட்டுப் பாரு."

தேவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெரோனிகா காடியிலிருந்து இறங்கினாள். "உள்ள வா தேவா, தேத்தண்ணி போடுறேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் போட வேணாம். கடையில குடிக்கலாம்" என்றார் செபாஸ்டியன். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, காடியைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "பின்னால ஏறு தேவா. அக்கா கூட்டிட்டுப் போவா."